மூணு மூலை நட்டு

லால்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு நீளப் பெஞ்சு உண்டு. நெல் வாங்க வரும் வியாபாரிகள் உட்காருவதற்காக அப்பா போட்டது. அன்று காலை அந்தப் பெஞ்சில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு ஓரத்தில் வரதாச்சாரி. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், கோர்ட்டில் குமாஸ்தா. நடுவில் காதர் பாய். சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்பவர். மறு ஓரத்தில், பாதி பெஞ்சிலும் பாதி காற்றிலுமாக, என் கணவர் தங்கவேலு.

நான் கணவரிடம் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அறுபதுகள் அப்போதுதான் பிறந்திருந்தன.

மத்தியஸ்தம் பேசப் பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று அப்பா நினைத்துக்கொண்டார். வயலில் இருந்தவர் ஓடி வந்து, சேற்றுக்காலைக் கழுவி, விசேஷத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா மூன்று தம்ளரில் மோர் கொடுத்தனுப்பினாள். ஒருவரும் தொடவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

வரதாச்சாரி தொண்டையைக் கனைத்தார்.

"சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. உங்காத்துப் பொண்ணு கழுத்துல தொங்கறதே, அதைக் கழட்டிக் குடுக்கச் சொல்லுங்கோ. வாங்கிண்டு நாங்க பாட்டுக்குக் கெளம்பிடறோம்."

சமையலறையில் அம்மா கையிலிருந்து கரண்டி விழுந்தது. அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

அவர் நிற்கட்டும். அவர் எழுந்ததற்கும் வரதாச்சாரி கேட்டதற்கும் நடுவே ஒரு சைக்கிள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சீட் எங்கே?

அந்தச் சைக்கிளை என் கணவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியிருந்தார். கறுப்பு நிறம், பச்சைக் கோடு. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் அவருக்கு லேத்து வேலை. அம்மாமண்டபம் பக்கத்துச் சந்திலிருந்து தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி அதில்தான் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பார். என் தலைக்குத் தடவுகிற அதே எண்ணெய். பாட்டில் சீக்கிரம் காலியாகிற காரணம் எனக்குத் தெரியவே இரண்டு மாதம் ஆயிற்று.

அந்தக் காலத்தில் சைக்கிளை யாரும் முழுசாகத் திருடுவது குறைவு. திருடினால் மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொன்றாகத்தான் கழற்றுவார்கள். முதலில் எங்கள் பெல் போயிற்று. பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்து வேறு பெல் வாங்கி வந்தார். வீட்டில் வைத்துத் துடைத்தபோது அடியில் அவரே ஆணியால் கீறியிருந்த 'த' என்ற எழுத்து தெரிந்தது. தன் பெல்லையே தான் விலை கொடுத்து வாங்கி வந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

பிறகு காற்றடிக்கும் பம்பு. பிறகு விளக்கு. விளக்கில்லாமல் இருட்டில் போனால் போலீஸ்காரர் பிடிப்பார் என்று ஒரு வாரம் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

கடைசியில் போனது சீட். ஒரு சாயங்காலம் கோவிலுக்குப் போய் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தோம். பூக்கடை ஓரம் நிறுத்தியிருந்த சைக்கிளில் சீட் இருந்த இடத்தில் வெறும் கம்பி மட்டும் நின்றது.

பூக்கார அம்மா, "இப்பதாங்க பார்த்தேன், இருந்துச்சு" என்றாள். எப்போதுமே இப்போதுதான் பார்த்திருப்பார்கள்.

வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்தோம். எதிரே வந்த தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"சீட் எங்கங்க?"

முதல் ஆளுக்கு நின்று விவரமாகச் சொன்னார். அடுத்தவருக்கு "திருடிட்டாங்க" என்றார். அம்மாமண்டபம் ரோடு திரும்பும்போது வந்தவர் கேட்க வாயைத் திறப்பதற்குள், "வீட்டுல இருக்கு!" என்று கத்தினார். அவர் பாவம், மணி என்ன என்று கேட்க வந்தவர்.

தோல் சமாசாரம்

வரதாச்சாரியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்கட்டில் அவர் குடும்பம், பின்னால் வரிசையாக நாலு குடித்தனம். அதில் ஒன்று நாங்கள். எங்கள் சீட் போன மறுநாளிலிருந்து அவர் சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் தன் தோல் சீட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போக ஆரம்பித்தார். கோர்ட்டுக்குள்ளும் அது போயிற்று. மேஜைக்கடியில் வைத்துக்கொள்வாராம்.

வீட்டில்தான் தகராறு. அவருடைய மனைவி ரொம்ப மடி ஆசாரம்.

"தோலைத் தூக்கிண்டு உள்ள வராதேள்! பெருமாள் அறை பக்கத்துலேயே இருக்கு!"

"வாசல்ல வெச்சா போயிடுமேடி!"

"போனா போகட்டும். நடந்து போங்கோ, ஒடம்புக்கு நல்லது."

அந்தச் சீட் கடைசியில் எங்கள் வீட்டு ஆணியில் இடம் பிடித்தது. தினமும் காலையில் அவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். நான் அரிசி களைகிற இடத்துக்கு நேர் மேலே அது தொங்கும்.

குமிழ் நட்டு

என் கணவர் சண்டைக்காரர் இல்லை. திட்டக்கூட மாட்டார். ஆனால் சீட் போனது அவர் மனசில் தங்கிவிட்டது. பட்டறையில் வேலை முடிந்தபின் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மிச்சம் மீதி இரும்பில் ஏதோ கடைய ஆரம்பித்தார்.

ஒரு நாள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன். உள்ளே பளபளவென்று நாலைந்து குமிழ்கள். ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு.

"என்னங்க இது?"

"நட்டு. இதுக்கு மூலையே இல்ல பாரு. ஸ்பேனர் வச்சா வழுக்கும். குறடு வச்சாலும் வழுக்கும்." உச்சியைத் திருப்பிக் காட்டினார். அங்கே மூன்று மூலையுள்ள ஒரு சின்னக் குழி. "இந்தக் குழிக்குள்ள சரியா பொருந்துற சாவி இருந்தாத்தான் திரும்பும். ஒரு பக்கம் நீளமா, ரெண்டு பக்கம் குட்டையா அரத்தால எடுத்திருக்கேன். எவனும் காப்பி அடிக்க முடியாது."

சாவி என்றது சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு. ஒரு முனை மூன்று மூலை. மறு முனையில் துளை. அந்தத் துளையில் ஓர் ஆணியைச் செருகித் திருக வேண்டும். புதிதாக வாங்கிப் போட்ட சீட், விளக்கு, இரண்டு சக்கரம், ஹேண்டில்பார் எல்லாவற்றுக்கும் அந்த நட்டைப் போட்டார். பழைய நட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினார். அன்று அவர் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"சாவி உங்கிட்டயே இருக்கட்டும் சரசு. பட்டறையில எங்கியாவது தவறிடும். ஒரே சாவிதான், பத்திரம்" என்று என்னிடம் கொடுத்தார்.

பத்திரமான இடம் எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஏது? தாலிக்கயிற்றில் ஊக்குகள் மாட்டியிருப்போமே, அதில் ஒன்றில் கோத்துக்கொண்டேன். குளிக்கிற இடத்தில் பார்த்த வரதாச்சாரியின் மனைவி, "எந்தக் கோவில் ரட்சைடியம்மா? ஏதாவது விசேஷமா?" என்று காதோடு கேட்டாள். இல்லை மாமி, சைக்கிளுடையது என்றேன். அவள் நம்பவில்லை. மறுநாள் எனக்கு மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள்.

நட்டு வேலை செய்தது. அதை மறுக்க முடியாது. ஒரு தடவை சினிமாக் கொட்டகை வாசலில் யாரோ சீட்டோடு போராடிப் பார்த்திருக்கிறான். நட்டின் மேல் கீறல்கள் மட்டும் இருந்தன. என் கணவர் அந்தக் கீறல்களைச் சந்திலிருந்த எல்லோருக்கும் கூப்பிட்டுக் காட்டினார்.

உடனே வரதாச்சாரி தனக்கும் வேண்டும் என்றார். எங்கள் ஆணியிலிருந்து சீட் இறங்கியதே என்று எனக்கு நிம்மதி. பிறகு துணி விற்க வரும் காதர் பாய் கேட்டார். எல்லா நட்டுக்கும் ஒரே குழி, ஒரே சாவி. அது என் கழுத்தில்.

இப்படித்தான், புதுப்பெண்ணாக வந்து யாரிடமும் நிமிர்ந்து பேசாத நான், காலையில் கோலம் போட்டு நிமிர்ந்தால் எதிரே யாராவது சைக்கிளோடு நிற்பார்கள்.

"தங்கச்சி, செயின் லூசாயிருச்சும்மா. பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால இழுக்கணும்."

"சாவியை யார் கையிலயும் விட்டுட்டு உள்ள போயிடாதே" என்று என் கணவரின் உத்தரவு. அதனால் பக்கத்திலேயே நிற்பேன். பாய் ஒரு பக்கம் அதிகம் முறுக்கி, சக்கரம் கோணிக்கொண்டு மட்கார்டில் உரசும். இரண்டு மூன்று தடவை பார்த்தபின் பொறுக்க முடியாமல், "நகருங்க பாய்" என்று நானே உட்கார்ந்து திருக ஆரம்பித்தேன். எளிதாகத்தான் இருந்தது.

பார்க்கலாம்

எனக்கு வேறொரு ஆசை இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும். திருச்சியில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றில் விண்ணப்பம் கொடுத்திருந்தேன். நேரில் வந்து தலைமை ஆசிரியையைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். புருஷனும் கூட வந்து சம்மதம் சொல்ல வேண்டும், அந்த மாதத்துக்குள் வர வேண்டும்.

என் கணவர் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. "பார்க்கலாம்" என்பார். திங்கட்கிழமை பார்க்கலாம். சம்பளம் வரட்டும், பார்க்கலாம். வேண்டாம் என்றாலாவது சண்டை போடலாம். பார்க்கலாம் என்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு வருவதாகச் சொன்னார். நான் மத்தியானமே தலை சீவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் மூடுகிற நேரம் தாண்டியது. வெயில் சாய்ந்தது. தெருவிளக்கு எரிந்தபின் பெல் சத்தம் கேட்டது. முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"காதர் பாயோட மச்சானும் நட்டு கேட்டாரு சரசு. உட்கார்ந்து முடிச்சிட்டேன்" என்று தூக்கைத் திறந்து காட்டினார்.

என் புடவையைப் பார்த்தபின்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. தூக்கு மூடியை அவசரமாக மூடினார். மூடியதால் பிரயோஜனம் இல்லை.

"திங்கட்கிழமை..." என்று ஆரம்பித்தார்.

நான் சோறு போட்டேன். நல்ல புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் காலை அவர் பட்டறைக்குப் போனதும் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு நடந்து, லால்குடிக்கு ரயிலேறினேன். கழுத்தில் சாவி இருந்தது லால்குடி போய்க் குளிக்கும்போதுதான் தெரிந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுபடியும் பெஞ்சு

நிற்க வைத்த அப்பாவுக்கு இப்போது வருவோம்.

அப்பா அதிகம் பேசாதவர். அன்று பேசினார்.

"யோவ், என்ன கேக்குறீங்க? எம் பொண்ணு கழுத்துல இருக்குறதைக் கழட்டணுமா? அதுக்கு மூணு பேரு கெளம்பி வந்தீங்களா? மாப்பிள்ளை, இதை நீங்க கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

என் கணவர் எழுந்தார். அவர் எழுந்த வேகத்தில் பெஞ்சு மறுபக்கம் சாய்ந்து வரதாச்சாரி தரையில் உட்கார்ந்தார். மோர் கவிழ்ந்தது. உள்ளேயிருந்து அம்மா, "ஐயோ, என் பொண்ணு வாழ்க்கை போச்சே" என்று ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது.

காதர் பாய்தான் இரண்டு கையையும் உயரே தூக்கினார்.

"பெரியவரே, அல்லா மேல ஆணையா தாலி இல்லீங்க! சாவி! சைக்கிள் சாவி!"

அப்பாவுக்குப் புரியவில்லை. "என் வீட்டுல சைக்கிளே இல்லியே" என்றார்.

வரதாச்சாரி தரையில் இருந்தபடியே சொன்னார். "என் சீட்டு நட்டு லூசாயிடுத்து, ஸ்வாமி. சீட்டு மூக்கு ஆகாசத்தைப் பார்த்துண்டு நிக்கறது. உட்கார்ந்தா பின்னால வழுக்கிண்டு போறேன். நேத்திக்குப் பாலத்துக்கு நடுவுல விழுந்தேன். முடுக்கலாம்னா சாவி இவ கழுத்துல இருக்கு."

"எனக்கு செயின் தெருவுக்கு நாலு தடவை கழலுதுங்க. ரெண்டு நாளா மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு அலையிறேன்" என்றார் பாய்.

அப்பா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு இத்தனை தூரம் வந்தது ஒரு துண்டு இரும்புக்காக. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். ஊக்கைத் திறந்து சாவியை எடுத்து, என் கணவரைத் தாண்டிப் போய் வரதாச்சாரி கையில் கொடுத்தேன்.

"எடுத்துக்கிட்டுப் போங்க சார். வந்த வேலை முடிஞ்சுது."

வரதாச்சாரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. இரண்டு பேரும் பஸ்ஸைப் பிடிக்க அப்போதே கிளம்பினார்கள். வாசல் வரை போன பாய் திரும்பி, "வா தங்கவேலு" என்றார்.

என் கணவர் அசையவில்லை.

"நீங்க போங்க பாய்" என்றார்.

அவர்கள் போய்விட்டார்கள். கூடத்தில் அப்பா, நான், அவர். தரையில் மோர்.

"மாப்பிள்ளை, சாவி குடுத்தாச்சே. நீங்க கெளம்பலியா?" என்றார் அப்பா.

என் கணவர் அப்பாவைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், சட்டைப் பையில் கைவிட்டார். எடுத்துக் காட்டினார். உள்ளங்கையில் சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு. ஒரு முனை மூன்று மூலை.

"இது எப்ப செஞ்சது?" என்றேன்.

"அன்னிக்கே. ஒரே சாவியை வச்சுக்கிட்டு எவனாவது இப்படி ஒரு நட்டு செய்வானா?"

"அப்ப அவங்களுக்கு முடுக்கிக் குடுத்திருக்கலாமே? பாவம் பாய், தலையில மூட்டையைத் தூக்கிக்கிட்டு..."

"குடுத்திருந்தா அவங்க இங்க வந்திருக்க மாட்டாங்க சரசு." குரல் இறங்கியது. "தனியா வந்து உங்கப்பா முன்னால நிக்க எனக்குத் தைரியம் வரலை. சாவி உங்கிட்ட மட்டும்தான் இருக்குன்னு சொன்னேன். அவங்களும் கெளம்பிட்டாங்க."

அப்பா முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. நான் பிறந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

நான் இன்னும் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன்.

"நேத்து போனேன். கையெல்லாம் கிரீஸு, அப்படியே போயிட்டேன். அந்தப் பெரிய டீச்சரம்மா கண்ணாடி வழியா பார்த்துட்டு, 'டிரெயினிங் சேரப்போறது நீங்களா?'ன்னு கேட்டாங்க. பொம்பளைப் புள்ளைங்க எல்லாம் சிரிச்சுது. நாளைக்குக் காலைல உன்னைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க. நாளையோட சரியாம்."

அப்பா எழுந்து உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இலை போடு. மாப்பிள்ளை சாப்பிட்டுட்டுத்தான் போவாரு. ரெண்டு பேரும் மத்தியான ரயிலுக்குப் போறாங்க."

ரயிலும் மறுநாளும்

மத்தியான ரயிலில் கூட்டமே இல்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிர் சீட் காலி. என் கணவர் ஸ்ரீரங்கம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

"உட்காருங்களேன்" என்றேன், கொள்ளிடம் பாலம் வந்தபோது.

"இருக்கட்டும்."

அந்த இரண்டு வார்த்தைதான் வழி முழுக்கப் பேசினோம். அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் காலை சைக்கிள் கேரியரில் என்னை வைத்துக்கொண்டு கிளம்பினார். காவிரிப் பாலத்தின் அந்த முனையில் போலீஸ்காரர் நிற்பார், இரண்டு பேர் போனால் பிடிப்பார். எப்போதும் அதற்கு முன்னாலேயே நான் குதித்து, தெரியாதவள் மாதிரி நடந்து, அவரைத் தாண்டியபின் ஏறிக்கொள்வேன். அன்று குதிக்கிற அவசரத்தில் புடவை நுனி சங்கிலியில் மாட்டிக் கிழிந்தது. கிழிந்த இடத்தை உள்ளே செருகிக்கொண்டேன்.

தலைமை ஆசிரியை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என் கணவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பேரு?"

"சரஸ்வதிங்க. லால்குடிதான் சொந்த ஊரு. எஸ்.எஸ்.எல்.சி. முதல் தடவையிலயே பாஸுங்க. எழுத்து நல்லா இருக்கும்" என்றார் என் கணவர், மூச்சு விடாமல்.

அந்த அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "உங்களைக் கேட்கலை. அவங்க சொல்லட்டும்."

அவர் இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றார்.

வெளியே மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாக என் பெயரைச் சொன்னேன்.